எடை முக்கியமில்லை

முப்பத்தேழு நாளாக அவர் சோற்றைத் தொடவில்லை. இன்றும் தட்டில் நான்கு அவித்த முட்டை, தோலோடு வறுத்த கோழி, ஒரு கைப்பிடி கீரை. விரலில் வழிந்த கொழுப்பை அவர் நக்குவதைப் பார்த்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாயைத் திறந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. மாவுச்சத்தை நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரிக்கும், அந்த வாடைதான் என்று விளக்கம் வேறு. போன வாரமே அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

அவள் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். தம்பிக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். வயிறு பானையாக வீங்கியிருந்தது. இந்த மாதத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈரல் கொடுக்கலாமென்று சோதித்துப் பார்த்ததில் அவள் ரத்தம் அவனுக்குச் சேரவில்லை. பெரியண்ணன் போனையே எடுப்பதில்லை.

"இன்னிக்கு எப்படி இருக்கான்?" முட்டையை மென்றுகொண்டே கேட்டார்.

"இருக்கான். நீங்க சாப்பிடுங்க."

"காலையில கொஞ்சம் கூடவே நடந்தேன். அதான் ஒரு முட்டை சேர்த்து வெச்சேன். நடையைக் கூட்டினா சாப்பாட்டையும் கூட்டணும், இல்லன்னா தசை கரைஞ்சிடும்."

"வீட்டுல இழவே விழுந்தாலும் உங்க தசை மட்டும் கரையக் கூடாது."

அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை படியில் சொட்டியது. அதையும் அவள்தான் துடைக்க வேண்டும்.

இந்தக் கூத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் தம்பி வாய்த்துடுக்காகச் சொன்னான், "மாமா பக்கத்துல நின்னா குடையே வேணாம், அவ்வளவு நிழல்." எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

இப்போது அவன் எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தான் இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கிறது. சாகக் கிடக்கிறவனிடம் இடுப்பைக் காட்டி ஜெயிக்க வேண்டுமாம். நினைக்க நினைக்க அவளுக்கு நாக்கெல்லாம் கசந்தது.

"கட்டிலுக்கு அடியில எடை மெஷின் தூசி பிடிச்சுக் கிடக்கு. ஏறிப் பார்க்கறதுதானே? எத்தனை கிலோ சாதிச்சீங்கன்னு ஊருக்கே சொல்லலாம்."

"எடை முக்கியமில்ல," என்றார் மூச்சு வாங்க.

ஏறிப் பார்க்கப் பயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டர் உடனே பார்க்க வேண்டுமாம். போட்டது போட்டபடி ஓடினாள்.

டாக்டர் அறை வாசலில் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே நெடி. அவள் இரண்டு நாற்காலி தள்ளி நின்றாள்.

"இங்க எதுக்கு வந்தீங்க? அவன் கண்ணு மூடறதுக்குள்ள மெலிஞ்சதைக் காட்டிடணுமா?"

"நீ உள்ள போம்மா. டாக்டர் உன்கிட்டதான் பேசணுமாம்."

"அவன் படுக்கைப் பக்கம் போயிடாதீங்க. பாவம், அந்த நாத்தத்தையும் அவன் தாங்கணுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே டாக்டர் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்கம்மா. உங்க தம்பிக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாம்னு இருக்கோம்."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆள் கிடைச்சாச்சா டாக்டர்?"

"ஆள் ஒரு மாசம் முன்னாடியே வந்தாச்சு. ரத்தமும் சேர்ந்துது. ஆனா உள்ள கொழுப்பு நிறைய இருந்ததால அப்ப எடுக்க முடியல. நேத்து ஸ்கேன்ல பார்த்தோம், நல்லா இறங்கிடுச்சு. அது தெரியற வரைக்கும் உங்களுக்கு வீணா ஆசை காட்ட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு."

"யாரு டாக்டர்? அவரு கால்ல விழணும் நான்."

டாக்டர் ஒரு கணம் மூடிய கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க சம்மதிக்காம உங்க வீட்டுக்காரரோட ஈரல்ல பாதியை நாங்க வெட்டி எடுக்க முடியாதும்மா."