கப்டனின் பங்கு

செட்டிபாளையம் கடற்கரையில் நின்றுகொண்டு, உலகத்துச் சர்வாதிகாரிகளை எல்லாம் ஒழிக்கப் போவதாக வெள்ளைக்காரக் கப்டன் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊரில் இங்கிலீசு தெரிந்தவள் நான் ஒருத்தி. அதிலும் பி.ஏ. பிடித்து நிறுத்திவிட்டார்கள், மொழிபெயர்க்க.

ஜெர்மனியிலும் ஜப்பானிலும் கொடுங்கோலர்கள் சனங்களை நசுக்குகிறார்களாம். இவர்கள் படையோடு போய் விடுவிப்பார்களாம். தங்களுக்கென்று எதுவும் வேண்டாமாம். இந்தக் கரை மட்டும், யுத்தம் முடியும்வரை, முகாம் போட வேண்டுமாம்.

கரை போனால் வலை இழுக்க இடமில்லை. பிறகு எங்கள் வீடுகளில் அடுப்பெரியாது.

வலைக்குச் சொந்தக்காரி மங்கையற்கரசி மாமி. வெற்றிலையைக் கடைவாய்க்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "அந்தச் சனம் இவரக் கூப்பிட்டதாமா? கேள் புள்ள."

கேட்டேன். கூப்பிட முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்றான்.

அது உண்மையாகவும் இருக்கலாம். அதனாலேயே எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

எங்களை ஆள வந்தபோது மட்டும் யார் கூப்பிட்டது என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். அவன் தொப்பியைச் சரிசெய்தான்.

அதற்குள், விடியலில் கடலில் வளைத்துப் போட்டிருந்த வலை கரையை நெருங்கியிருந்தது. ஏகப்பட்ட பாரம். இழுக்க ஆள் போதவில்லை.

கப்டனோடு லொறியில் வந்த சிப்பாய்கள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். கப்டனும்தான். சிவந்த முதுகும் கறுத்த முதுகும் ஒரே ஏலேலோவுக்குச் சாய்ந்தன. கப்டன் குப்புற விழுந்தான். கரை முழுக்கச் சிரித்தது. அவனும் மணலைத் துப்பிக்கொண்டே சிரித்தான்.

வலை நிறையப் பாரை மீன்.

லொறியில் ஏறப் போனவர்களை மாமி விடவில்லை. கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு உண்டு. பங்கை வாங்கினால் கணக்குத் தீர்ந்தது, அவன் தன் வழியே போகவேண்டும். எங்கள் கரையின் சட்டம் அவ்வளவுதான்.

ஆளுக்கொரு பாரை கொடுத்தாள். கப்டனுக்குப் பெரியது.

அவன் பூரித்துப்போனான். மாமி ஏதோ சொல்ல, என்னவென்று என்னைக் கேட்டான்.

வேறு யாராவது என்றால் நன்றி சொல்கிறாள் என்றிருப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

"பங்கு தந்தாச்சு மனே. இனி இந்தக் கரையில உங்களுக்கு ஒண்டும் இல்ல. போங்க."

கப்டன் மீனைப் பார்த்தான். கரையைப் பார்த்தான். பிறகு, குனிந்து, மீனை மெல்ல மணலில் வைத்தான்.

அவனைப் பார்த்துச் சிப்பாய்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

செம்பட்டை முடிக்காரன் ஒருவன் மட்டும் தன் பாரையை மார்போடு அணைத்துக்கொண்டு லொறியில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் கரையை விட்டுப் போகச் சம்மதித்த முதல் வெள்ளைக்காரன் அவன்தான்.