மிஞ்சியது எட்டு

போன மாதம் ஒழுங்காக ஓடிய மென்பொருள், இன்று சோதனையில் ஊற்றிக்கொண்டது. இடையில் குழு செய்த மாற்றங்களோ ஆயிரம்.

"எவன் வேலைன்னு தெரியட்டும், எல்லார் முன்னாடியும் தோலை உரிக்கிறேன்!" வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார் டீம் லீடர்.

"பத்தே தடவை ஓட்டினா பிடிச்சிடலாம் சார்," என்றாள் புதிதாகச் சேர்ந்தவள்.

முதல் பாதி மாற்றங்களோடு ஓட்டினாள், தேறியது.

"அப்ப கோளாறு மீதிப் பாதியில."

அதையும் பாதியாக்கினாள். ஐந்நூறு இருநூற்றைம்பதாகி, மளமளவென்று சுருங்கியது. அசந்துபோனார் அவர்.

எட்டு மிஞ்சியபோது நிமிர்ந்தாள். "எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"இப்பப் போயா டீ?" என்று முறைத்தார்.

அவரைத் தவிர மற்றவர்கள் கிளம்ப, அறை காலியானது. இன்னும் மூன்றே தடவை. திரையை அவர் பக்கம் திருப்பினாள். கோளாறான மாற்றத்துக்கு எதிரே அவர் பெயர்!

"எப்பத் தெரியும்?"

"எட்டு மிஞ்சினப்பவே சார். எட்டுமே உங்களோடது. அதான் டீ."