திரையில் முளைத்த கழுத்து

அகழாய்வுக் கொட்டகையில் கழுத்து உடைந்த பானை ஒன்று இருந்தது. கணினி அதைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, இல்லாத கழுத்தைத் தானே கற்பனையாக வரைந்து திரையில் காட்டியது. அழகாக வளைந்த, நீளமான கழுத்து. அன்றிலிருந்து பானை திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் குழியிலிருந்து குட்டையான, கரி பிடித்த ஓடு ஒன்று வந்து சேர்ந்தது.

“நான்தான் இந்தப் பானையின் கழுத்து. உடைந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்தும்” என்றது ஓடு.

“நான் வரைந்ததோடு பொருந்தவில்லையே. நீ வேறு ஏதோ பானையின் துண்டு” என்றது கணினி.

ஓடு பானையிடம் கெஞ்சியது. “நீயாவது சொல்லேன். ஒரே அடுப்பில்தானே நாம் வெந்தோம்?”

பானை தன் உடைந்த விளிம்பை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

“இது யாரென்றே எனக்குத் தெரியாது” என்றது.