அறுபது நானோ செகண்டு

"மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடு. இல்லன்னா ரெக்கார்டுல கையெழுத்து கிடையாது."

"எழுத மாட்டேன் சார்."

முப்பது பையன்களுக்கு நடுவே ஒரே பொண்ணு, ஏலவார்குழலி. என்னா நெஞ்சழுத்தம்! எனக்குப் பத்திக்கினு வந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம். எங்க காஞ்சிபுரம் பாலிடெக்னிக்குக்காக நான் மெட்ராஸ்ல நாயா அலைஞ்சு வாங்கினது சிமாஸ்னு புதுசா வந்த எலக்ட்ரானிக் சிப்பு, ரெண்டே ரெண்டு. உள்ளே இன்வெர்ட்டர். ஒண்ணு குடுத்தா பூஜ்ஜியம் தரும், பூஜ்ஜியம் குடுத்தா ஒண்ணு. அப்படி மாற எத்தனை நேரம் ஆவுதுன்னு அளக்கணும், அதான் சோதனை. அதுல ஒரு சிப்பை இன்னைக்கு ஆஸிலாஸ்கோப்புத் திரையில பாத்தா, என்ன குடுத்தாலும் வெளியே அசையவே இல்லை. செத்துப்போச்சு.

"நேத்து கடைசியாத் தொட்டது நீதானே?"

"ஆமா சார். நல்லா மாறிச்சு. அறுபது நானோ செகண்டு. எழுதி வெச்சிருக்கேன்."

"அப்புறம் யாரு கெடுத்தது?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

பின்னால ஒருத்தன் சிரிச்சான்.

"இந்தச் சிப்பு மாதிரியே எதைச் சொன்னாலும் நேர்மாறாப் பேசறியா? பரீட்சை எழுத முடியாது, ஞாபகம் இருக்கட்டும்!"

"பரவாயில்ல சார். பிள்ளையார்பாளையத்துல எங்க வீட்டுத் தறி இருக்குது, போய் உக்காந்துக்கறேன். செய்யாத தப்புக்கு எழுத மாட்டேன்."

அவளை மட்டும் நிறுத்திட்டு, பையன்களை வெளியே அனுப்பினேன்.

"மிச்சம் இருக்கிற ஒண்ணையாவது உன் கை படாம காப்பாத்தறேன்" னு பீரோவைத் திறந்து, பட்டுத் துண்டுல பொத்தி வெச்சிருந்த இன்னொரு சிப்பை, பூட்டு போட்ட டிராயருக்கு மாத்த எடுத்தேன்.

"அதைப் பட்டுல வெக்காதீங்க சார்."

"ஏம்மா, பொன்னாட்டம் பாத்துக்கறேன், அதுவும் குத்தமா?"

"வெயில் காலத்துல தறியில கட்டின பட்டுப் பாவு நூலைத் தடவினா எங்க கை மயிரே சிலுத்துக்கும் சார். அந்த உரசல் மின்சாரம் போதும், சிப்பு செத்துடும். கூட வந்த தாள்லயே போட்டிருக்குது, காலையிலதான் படிச்சேன். நேத்து நான் குடுத்த சிப்பையும் நீங்க பட்டுலதான் சுத்தினீங்க."

அந்தத் தாளை நான் பிரிச்சுக்கூடப் பாக்கலை.

"இதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அந்த முப்பது பேருக்கும் நாளைக்கு நீங்கதானே சார் பாடம் எடுக்கணும்?"