முதல் கைதட்டல்

பெரியவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்ததுமே கிளை மேலாளர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

வங்கிக் கிளையின் ஆண்டு விழா. மாற்றலாகி வந்தபின் அவள் நடத்தும் முதல் விழா. வாடிக்கையாளர்கள் யார் வேண்டுமானாலும் மேடையேறி இரண்டு வார்த்தை பேசலாம் என்று அறிவித்ததும், கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்து வந்துவிட்டார்.

அவர் விழாவுக்கு வருவார் என்று அவளுக்குத் தெரியும். மேடைக்கு வருவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஒரு சின்னக் கவிதை என்றார் மைக்கில்.

கூட்டம் நெளிந்தது. காசாளர் வாயைப் பொத்திக்கொண்டார். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் செல்போனை எடுத்தார்கள். கடன் கட்டாதவனைக்கூட அந்தக் கிளையில் யாரும் அப்படி நடத்தியதில்லை.

அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தார். ஒரு தடவை படித்தால் பற்றாதாம்.

கால் எட்டாத நாற்காலியில்
ஏறி உட்கார்ந்தது ஒரு குழந்தை.

பக்கத்தில் இருந்த மண்டல மேலாளர் அவள் காதருகே குனிந்தார். அவளுடைய அடுத்த பதவி உயர்வு அந்த மனிதர் கையில்தான் இருந்தது.

“வாட்ஸ்அப்புல வர்றது பத்தாதுன்னு நேர்லயும் கவிதையா? யாரும்மா இவரு?”

“தெரியல சார். யாரோ கஸ்டமர்.”

சொன்ன வாய் கசந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

மேடையில் அந்தக் குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போனது, கணக்கில் கெட்டிக்காரி ஆனது. கவிதை எங்கே போய் முடியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் நாலு வரி விட்டால் மானம் கப்பலேறிவிடும்.

பெரியவர் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார்.

அவள் கைதட்டினாள்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் கூட்டமும் சேர்ந்துகொண்டது. கூரை அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒரு விசில்கூட வந்தது. ஆளை இறக்கிவிட இதைவிட நாசூக்கான வழி கிடையாது. மண்டல மேலாளர் அவளைப் பார்த்து மெச்சுதலாகத் தலையாட்டினார்.

பெரியவர் முகம் மலர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் அவள் முகத்தைப் பார்த்தார். படிக்காத வரிகளோடு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

நேராக அவளிடம்தான் வந்தார். தோளில் கை வைத்துவிடுவாரோ, பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாரோ என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் நாலடி தள்ளியே நின்றுகொண்டார்.

“ரொம்ப நன்றிங்க மேடம். வயசாயிடுச்சு பாருங்க, எங்க நிறுத்தணும்னு தெரியல.”

மண்டல மேலாளரிடமும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

அவள் கூனிக் குறுகிப் போனாள். அப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள்.

மண்டல மேலாளர் என்ன என்பதுபோல் திரும்பினார்.

ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு, அடுத்தவரை மேடைக்குக் கூப்பிடும்படி காசாளருக்குச் சைகை காட்டினாள்.