கிவிப் பழச் சீர்

தாய்மாமன் சீர் மண்டப வாசலுக்கு வந்ததுமே தனகோட்டிக்கு ரத்தம் கொதிச்சுது.

ரெண்டாவது மக வெண்மதிக்கு மஞ்சத்தண்ணி சடங்கு. மேளம் முன்னால, சீர்த்தட்டுங்க பின்னால. கிவிப் பழம். டிராகன் பழம். வெளிநாட்டு சாக்லேட்டை கோபுரமா அடுக்கி ரிப்பன் கட்டியிருக்குது. ஒரு தட்டுல நூடுல்ஸ் பாக்கெட்டு வேற!

"நிறுத்துங்கய்யா மேளத்த!"

மேளம் நின்னுது. மண்டபம் பூரா சொந்தக்காரங்க. மணையில இருந்த வெண்மதி எட்டிப் பாத்தா.

"டேய் வெற்றிவேலு! இன்னாடா இது?"

மச்சினன் வெற்றிவேல் கையில இருந்த தட்டைக் கீழ இறக்கல. "சீரு மாமா."

"வயசுக்கு வந்த புள்ளைக்கு நூடுல்ஸாடா சீரு? சிங்கவரத்துல நீ இன்னா பயிர் வெக்கற?"

"மல்லாட்டை மாமா." வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் அதான் பேரு.

"மல்லாட்டை வெளையற வூட்டுலேர்ந்து ஒரு மல்லாட்டை உருண்டை வரல! ஒரு எள்ளுருண்டை வரல! எந்த நாட்டுக்காரனோ விக்கறத வாங்கிக் குமிச்சுட்டு வந்து நிக்கறான். வெள்ளக்காரன் போயும் உங்களுக்குப் புத்தி வரலியேடா!"

சும்மா சொல்லக் கூடாது, அவர் கேட்டதுல நியாயம் இருந்துது. முன் வரிசையில இருந்த பெரியப்பா கன்னியப்பனே, "அப்படிக் கேளு!"ன்னாரு. அது போதாதா? தனகோட்டிக்குக் குரல் இன்னும் ஏறிச்சு.

"மானங்கெட்ட சீரு! ஒரு தட்டு உள்ள வரக் கூடாது. ஏய் ஜெயக்கொடி, பாத்தியாடி உன் தம்பி லட்சணத்த?"

ஜெயக்கொடி முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு மகளுக்குப் பின்னால போய் நின்னா.

வெற்றிவேல் தட்டைப் பக்கத்துல நின்ன ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு தனகோட்டிகிட்ட வந்தான். யாருக்கும் கேக்காத மாதிரி பேசினான்.

"கோச்சுக்காதீங்க மாமா. மூத்தவ சடங்குக்கு மல்லாட்டை உருண்டையும் எள்ளுருண்டையும்தான் கொண்டாந்தேன். 'பட்டிக்காட்டான் சீரு, போட்டோவுக்கு ஆவாது'ன்னு சமையக்கட்டுல தள்ளிட்டீங்க."

"அது... அது அப்போ."

"அன்னிக்கே அக்கா எங்க வூட்டுக்கு வந்துடுச்சு. கன்னம் வீங்கி."

யாராச்சும் கேட்டுட்டாங்களான்னு தனகோட்டி சுத்திமுத்தும் பாத்தாரு.

"அதான் இந்தத் தபா ரெண்டு தினுசும் கொண்டாந்துட்டேன். உருண்டைத் தட்டெல்லாம் வேன்லயே இருக்குது. எதை உள்ள வெச்சா எங்க அக்காவ அடிக்க மாட்டீங்க, சொல்லுங்க மாமா."