பூசணம் போன கட்டை

உலக மருத்துவ வரலாறு இன்று காலை பத்தரை மணிக்கு, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் திசை திரும்பவிருக்கிறது என்பதைச் சகலருக்கும் அறிவித்துக்கொள்கிறோம். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியைக் கொல்லும் பூஞ்சை, ஆய்வகத்தில் வளர மறுத்து, இங்கே விழுந்து கிடக்கும் ஒரே ஒரு மரக்கட்டையில்தான் வளர்கிறது. அதைப் பார்வையிட வந்த துணைவேந்தர் ஏலக்காய் மாலையோடு நிற்கிறார். மஞ்சு விலகி வெயில் இறங்க, கட்டை முழுக்க நீலமாக மின்னுகிறது. நீலத் தண்ணீர் சருகின் மேல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஆராய்ச்சி மாணவி பவதாரணி மண்டியிட்டு, நகத்தால் கட்டையைச் சுரண்டிப் பார்க்கிறாள். முதுகில் மருந்தடிக்கும் டேங்கோடு தோட்டத் தொழிலாளி மூக்கம்மாள் பெருமையாகச் சிரிக்கிறாள். அவள் மகன் முத்துக்கண்ணன் ஆறாத கால்புண்ணோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எந்த மருந்தும் அவனுக்குக் கேட்கவில்லை.

“இந்தக் கட்டையில இருந்துதான் அந்த மாதிரிப் புண்ணுக்கு மருந்து வரும்னு சொன்னியே தாயி. நேத்துப் பாத்தா ஒரே வெள்ளைப் பூசணம்! விட்டா கட்டையவே தின்னுப்புடும்ல? அதான் ஏலச்செடி அழுகலுக்கு அடிக்கிறாப்ல, விடியமுன்ன வெரசா வந்து ரெண்டு டேங்கு பூசணத்தக் கொல்ற துரிசு மருந்து அடிச்சேன்.”

“அந்தப் பூசணம்தாங்க்கா மருந்து.”

மூக்கம்மாளின் கை பம்புப் பிடியிலேயே நிற்கிறது. துணைவேந்தர் தொண்டையைச் செருமி, ஆய்வுக்களம் மிகத் தூய்மையாக இருப்பதாகப் பாராட்டுகிறார். நாலு பேர் கை தட்டுகிறார்கள்.

“இனிமே முளைக்காதா, தாயி?”

பவதாரணி மறுபடியும் கட்டையைச் சுரண்டுகிறாள். முளைத்திருந்தாலும் அது மாத்திரையாக இருபது வருஷம் ஆகும். முத்துக்கண்ணனின் காலை நாளைக்கு எடுக்கிறார்கள்.